கத்தரி இலையில் தையல்சிட்டு: கை பட்டால் தாய் திரும்பி வராதா?

திருச்சியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மொட்டை மாடித் தொட்டியில் உள்ள கத்தரிச் செடியில், இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்தது போல ஒரு கூடு. உள்ளே மூன்று முட்டை. பூச்சி இருக்கிறதா என்று இலையைத் தூக்கிப் பார்த்தபோது விரல் முட்டையில் பட்டுவிட்டது. மனித வாசனை பட்டால் தாய் திரும்பாது என்கிறார் உங்கள் அம்மா. இன்று காலை ஒரு மணி நேரம் செடிக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தும் குருவி வரவில்லை. செடியில் மாவுப்பூச்சி வேறு இருப்பதால் மருந்து அடிக்கலாமா, வெயிலும் காற்றும் படாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்தலாமா என்று கேட்கிறீர்கள். அது உண்மையிலேயே தைக்கிறதா என்று மகள் கேட்கிறாள். இத்தனை கேள்விக்கும் அடியில் ஒரே ஒரு கவலைதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: அந்த முட்டைகள் உங்களால் கெட்டுப்போய்விட்டனவா என்பது. அதற்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை பட்டதால் கெட்டுப்போகாது. இனி வரும் நான்கு வாரங்களில் அந்தச் செடியைச் சுற்றி என்னென்ன மாற்றுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் விலங்கியல் படித்தவன். இருபது வருடத்துக்கு மேலாக வீட்டுத் தோட்டங்களில் கூடு கட்டும் சிறு பறவைகளைப் பார்த்துக் குறித்து வைத்து வருகிறேன். அம்மா சொன்ன அந்த நம்பிக்கை ஊரெங்கும் உண்டு, நானும் சிறுவயதில் கேட்டு வளர்ந்ததுதான். பறவைகளுக்கு மோப்பமே கிடையாது என்று சொல்ல மாட்டேன், ஓரளவு உண்டு. ஆனால் மனித வாசனை அடித்தது என்பதற்காக முட்டையை விட்டுப் போவதில்லை. கூட்டை அது தேடி வருவது கண்ணாலும் இடத்தாலும்தான்: எந்தச் செடி, எந்தக் கிளை, எந்தப் பக்கம் வாசல் என்பதுதான் அதற்குக் கணக்கு. கூட்டைக் கைவிட வைப்பது திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்வது. அதிலும் கூடு கட்டும்போதும் முட்டையிடத் தொடங்கும் முதல் சில நாட்களிலும்தான் அது எளிதில் மனம் மாறும். நாள் ஆக ஆக, அடைகாத்த முட்டையை விட்டுப் போவது அதற்குக் கஷ்டம். குஞ்சு பொரித்த பிறகு மிகவும் கஷ்டம். ஒரே ஒரு முறை விரல் பட்டதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் ஏன் ஒரு மணி நேரமாக வரவில்லை? நீங்கள் அங்கேயே நின்றதால்தான். முட்டை மேல் கவலைப்பட்டு நிற்பவர் யார், பறிக்க வந்தவர் யார் என்று அதற்குத் தெரியாது. கூட்டுக்குப் பக்கத்தில் பெரிய உருவம் ஒன்று அசையாமல் நின்றால், கூடு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்காமல் தள்ளியே இருக்கும். அநேகமாகப் பக்கத்து மரத்திலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கும். மாடிப்படிக் கதவுக்கு உள்ளே, இருட்டில், ஒரு பத்துப் பதினைந்து அடி தள்ளி ஸ்டூல் போட்டு உட்காருங்கள். மொபைலைக் கையில் எடுக்க வேண்டாம். அரை மணி, முக்கால் மணிக்குள் பெரும்பாலும் வந்துவிடும். நேரே கூட்டுக்குப் பறக்காது. செடியின் அடிப்பக்கம் இறங்கி, கிளை கிளையாகத் தத்தித் தத்தி மேலே வந்து சட்டென்று உள்ளே புகுந்துவிடும். உட்கார்ந்த பிறகு வாசல் வழியே வால் நுனி மட்டும் நிமிர்ந்து நிற்பது தெரிந்தால் அடைகாக்கிறது என்று அர்த்தம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு முட்டைதான் இடும். எல்லா முட்டையும் இட்டு முடிக்கும் வரை பகலில் கூட்டுப் பக்கமே அதிகம் இருக்காது. அந்த நாட்களில் முட்டைகள் தனியாகக் கிடப்பதைப் பார்த்து, கைவிட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உங்கள் முட்டைகள் இட்டு எத்தனை நாள் ஆனவை என்று நீங்கள் அனுப்பிய போட்டோவை வைத்து என்னால் சொல்ல முடியாது. அதனால் இரண்டு முழு நாள் பொறுத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இது தையல்சிட்டுதானா என்று கேட்டால், ஏறத்தாழ நிச்சயமாக ஆம் என்பேன். ஒரு சின்னச் சந்தேகத்துக்கு இடம் உண்டு, ஏனென்றால் நீங்கள் எடுத்த பறவையின் படம் கலங்கலாக இருக்கிறது. சாம்பல் கதிர்க்குருவியும் இப்படித் தாழ்ந்த செடிகளில் இலையைத் தைத்துக் கூடு கட்டும். அதன் முட்டைகள் பளபளப்பான செங்கல் நிறத்தில் இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். உங்கள் படத்தில் இருப்பவை வெளிறிய நீலம் கலந்த வெள்ளையில் செம்பழுப்புப் புள்ளிகள் கொண்டவை. அது தையல்சிட்டின் முட்டை. பறவையைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: துரு நிற உச்சந்தலை, இலைப் பச்சையான முதுகு, நிமிர்த்திப் பிடித்த வால். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு நடுவால் இறகு இரண்டு மட்டும் ஊசி போல நீண்டு இருக்கும். மொத்த எடை பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடைதான், ஒரு கிராம் இரண்டு கிராம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் கத்தும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். கத்தும்போது கழுத்தின் இரு பக்கமும் கறுப்பாக ஒரு திட்டு தெரிந்து மறையும். உங்கள் வீட்டில் காலையில் ஓயாமல் "ட்விட் ட்விட் ட்விட்" என்று கேட்டுக்கொண்டிருக்குமே, அது இதுதான். இத்தனை நாள் வேறு ஏதோ பெரிய பறவை என்று நினைத்திருப்பீர்கள்.

சரி, மகளின் கேள்விக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆம், உண்மையிலேயே தைக்கிறது. பெரும்பாலும் பெட்டைதான் தைக்கும். முதலில் தொங்கும் வாகான, அகலமான இலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். ஒரே இலை போதுமான அளவு பெரிதாக இருந்தால் அதன் இரண்டு ஓரங்களையும் சேர்த்துக் கூம்பு போலச் சுருட்டும். போதாவிட்டால் இரண்டு மூன்று இலைகளைச் சேர்க்கும். கூர்மையான அலகால் இலை ஓரத்தில் சின்னத் துளை போடும். பிறகு ஒரு பஞ்சிழையோ சிலந்தி நூலோ கொண்டு வந்து அந்தத் துளை வழியாக நுழைத்து, எதிர் ஓரத்துத் துளையில் இழுக்கும். இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது முடிச்சுப் போடுவதில்லை. துளை வழியே வெளியே வந்த பஞ்சு அங்கே பிசிறு பிசிறாக விரிந்துகொள்ளும். துளையோ சிறியது, விரிந்த பஞ்சு திரும்பி உள்ளே போக முடியாது. இரும்புத் தகடுகளில் ரிவெட் அடிப்பார்களே, ஆணியின் தலை விரிந்து பிடித்துக்கொள்ளுமே, அதே வேலை. சில இடங்களில் ஒரு துளையில் வந்த இழையை அடுத்த துளைக்கும் கொண்டு போயிருக்கும், அங்கே பார்த்தால் நம் கைத்தையல் போலவே இருக்கும். சிலந்தி நூலுக்கு ஒட்டும் தன்மையும் நீளும் தன்மையும் உண்டு, காற்றில் இலை ஆடினாலும் அறுந்து போகாமல் கூடவே நீண்டு கொடுக்கும். இலையைக் குத்தினாலும் அது வாடாது. துளைகள் ஓரத்தில்தான், நடு நரம்பைத் தொடுவதில்லை. அதனால் இலை பச்சையாகவே இருந்து, மற்ற இலைகளோடு இலையாகக் கூட்டை மறைத்துக்கொள்ளும். இலைப் பை தயாரான பிறகு உள்ளே இலவம்பஞ்சு, மெல்லிய நார், முடி என்று கிடைத்ததை வைத்து ஒரு சின்னக் கிண்ணம் செய்யும். முட்டை அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கும். 1769இல் தாமஸ் பென்னன்ட் என்ற வேல்ஸ் நாட்டு இயற்கையியலாளர் இலங்கையிலிருந்து கிடைத்த பறவையை வைத்து இதை அறிவியல் உலகத்துக்கு விவரித்தபோது வைத்த பெயரில் உள்ள 'சுட்டோரியஸ்' என்ற லத்தீன் சொல் செருப்புத் தைப்பவரைக் குறிப்பது. துணி தைப்பவரைவிட அந்தப் பெயர் இதற்குப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றும். தோலைக் குத்தி, நூலை நுழைத்து, இழுத்து இறுக்கும் வேலைக்குத்தான் இது பக்கம்.

இப்போது நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும், நீங்கள் அதைச் செய்யக்கூடாது என்பதற்காக. கூடுகளைக் குறித்து வைக்கத் தொடங்கிய புதிதில், எங்கள் வீட்டு நந்தியாவட்டைச் செடியில் ஒரு தையல்சிட்டுக் கூடு. தினமும் காலையில் போய், மறைத்துக்கொண்டிருந்த மேல் இலையை ஒரு விரலால் ஒதுக்கி, உள்ளே பார்த்துவிட்டு வருவேன். நான்கு நாள் ஒதுக்கியதில் அந்த இலையின் காம்பு மடிந்துவிட்டது. அது பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. ஐந்தாம் நாள் கூட்டின் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. ஆறாம் நாள் காலையில் கிண்ணம் கிழிந்து, பஞ்சு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சுவர் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. நான் தினமும் அங்கே போவதைப் பார்த்துத்தான் காக்கை கண்டுபிடித்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இலை மடிந்தது என்னால்தான், அதில் சந்தேகமே இல்லை. அந்தச் சிட்டு இரண்டு நாள் அந்தச் செடியைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. அதிலிருந்து நான் எந்தக் கூட்டின் இலையையும் விலக்கிப் பார்ப்பதில்லை. தள்ளி நின்று பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளலாம், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

தொட்டியை நகர்த்த வேண்டாம். இரண்டடி நகர்த்தினால்கூட அது பழைய இடத்துக்கு வந்து தேடும். கூடு கண்ணெதிரே இருந்தாலும் இடம் மாறிய கூட்டை அது ஏற்கும் என்று சொல்ல முடியாது. வெயிலைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். கூட்டுக்கு மேலே இருக்கும் இலைகள்தான் அதன் கூரை. அவை நன்றாக இருக்கும் வரை புதிதாகப் பந்தலோ துணியோ கட்டத் தேவையில்லை. திடீரென்று படபடக்கும் துணி அதை விரட்டத்தான் செய்யும். செடி வாடாமல் பார்த்துக்கொள்வதுதான் நீங்கள் செய்ய வேண்டிய பெரிய உதவி. கத்தரி தண்ணீர் இல்லாவிட்டால் மதியத்துக்குள் தலை சாய்த்துவிடும், இலை துவண்டால் கூட்டின் வாய் திறந்துவிடும். காலையில் ஒரே நேரத்தில், வேரில் மட்டும், மெதுவாக ஊற்றிவிட்டு வந்துவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வந்து போகும் ஆளுக்குச் சில நாளில் அது பழகிவிடும். ஆடிக் காற்றுக்கு ஒரு குச்சி நட்டுத் தண்டைக் கட்டுவது நல்லது. கூடு இருக்கும் கிளையைத் தொடாமல், அடித்தண்டை மட்டும், அதுவும் பறவை வெளியே போயிருக்கும்போது இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். கத்தரி இலை நெடுநாள் நிற்காது, பழுத்தால் உதிரும். கூட்டைத் தாங்கும் இலையின் காம்பு மஞ்சளாகிறது என்று தெரிந்தால், பருத்தி நூலால் அந்தக் காம்பைக் குச்சியோடு தளர்வாகக் கட்டிவிடலாம். இலை உதிர்ந்தாலும் கூடு விழாது. இதை நானே இரண்டு முறை செய்திருக்கிறேன். இரண்டு முறையும் தாய் திரும்பி வந்தது. இரண்டே முறை என்பதால் இதை ஒரு விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வேறு வழி இல்லாதபோது மட்டும் செய்யுங்கள்.

மாவுப்பூச்சிக்கு மருந்து அடிக்கவே கூடாது. ரசாயனம் மட்டுமல்ல, வேப்பெண்ணெய்க் கரைசலும் கூடாது. இயற்கையானதுதானே என்று நிறைய பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவை வழியாகத்தான் உள்ளே இருக்கும் கரு மூச்சு விடுகிறது. எண்ணெய்ப் படலம் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் கரு செத்துப்போகும். அதோடு, இந்தச் சிட்டு தின்பதும் குஞ்சுக்கு ஊட்டுவதும் பூச்சிகளை: கம்பளிப்புழு, சின்ன வண்டு, சிலந்தி இவைதான். மருந்து பட்ட புழு நேராகக் குஞ்சின் வாய்க்குப் போகும். மாவுப்பூச்சியை அது விரும்பித் தின்று நான் பார்த்ததில்லை, அதனால் குருவியே சுத்தம் செய்துவிடும் என்று பொய் நம்பிக்கை தரமாட்டேன். கூட்டிலிருந்து தள்ளி இருக்கும் கிளைகளில் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், கூட்டுக் கிளையை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு மாதம் கத்தரிக்காய் குறைவாகக் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் மாவுப்பூச்சியால் வரும் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு, எறும்பு. மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் வரிசையாகச் செடியில் ஏறும். இறகு முளைக்காத குஞ்சுகளை எறும்பு மொய்த்துவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம். தொட்டியின் வெளிப்பக்கம், விளிம்புக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு கிரீஸ் தடவி வையுங்கள். செடியில் தடவ வேண்டாம், பறவையின் காலிலும் இறகிலும் ஒட்டும். செடியின் இலை சுவரையோ பக்கத்துத் தொட்டியையோ தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அந்த வழியாக வரும், பக்கத்துத் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்துங்கள். எறும்புப் பொடி, சாக்பீஸ் எதுவும் வேண்டாம்.

இனி நாள் கணக்கு. அடைகாப்பது ஏறத்தாழ 12 நாள். பொரித்த பிறகு குஞ்சுகள் கூட்டில் இருப்பது ஏறத்தாழ 14 நாள். ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே ஆகும், அதனால் மொத்தம் நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எட்டிப் பார்க்காமலே எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பறவை வெறும் வாயோடு உள்ளே போய், வெகுநேரம் வெளியே வராமல் இருந்தால் முட்டை. அலகில் புழுவோடு வந்து, உடனே வெளியே பறந்தால் குஞ்சு பொரித்துவிட்டது. அப்போது ஆணும் பெண்ணும் மாறி மாறி வரும். வெளியே போகும்போது அலகில் வெள்ளையாக ஒரு முத்துப் போல எதையோ கவ்விக்கொண்டு போனால், அது குஞ்சின் எச்சம். மெல்லிய உறை போட்டு வரும் அதை எடுத்துத் தூரத்தில் போட்டுவிடும், கூட்டுக்கு அடியில் அசிங்கம் சேர்ந்தால் எதிரிக்குத் துப்பு கிடைக்கும் அல்லவா. இந்த வெள்ளை முத்தைக் காண்பது எனக்கு எப்போதும் நிம்மதியாக இருக்கும், உள்ளே குஞ்சுகள் தின்று செரித்து நன்றாக இருக்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. மகளுக்கு ஒரு நோட்டுக் கொடுத்து, அரை மணி நேரத்தில் எத்தனை முறை இரை வருகிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

ஒரு நாள் இரண்டும் சேர்ந்து விடாமல் வேகவேகமாகக் கத்தினால் ஓடிப்போய்ப் பாருங்கள். பூனையோ, செம்போத்தோ, ஓணானோ, பாம்போ பக்கத்தில் இருக்கும். பூனையையும் காக்கையையும் கை தட்டி விரட்டலாம். பாம்பாக இருந்தால் நீங்கள் கிட்டே போக வேண்டாம். குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். இறகில்லாமல், கண் திறக்காமல், தோல் தெரியும் குஞ்சு என்றால் கையால் எடுத்துக் கூட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள், தாய் ஏற்றுக்கொள்ளும். உடம்பெல்லாம் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிற குஞ்சு என்றால் அது விழவில்லை, கூட்டை விட்டு வெளியேறிய குஞ்சு. நன்றாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே அவை வெளியே வந்துவிடும், அப்பா அம்மா வெளியிலும் ஊட்டும். மாடித் தரையில் வெயிலில் இருந்தால் பக்கத்து அடர்த்தியான தொட்டிச் செடிக்குள் விட்டுவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். பாலோ, சோறோ, சொட்டுத் தண்ணீரோ வாயில் விட வேண்டாம். பூச்சி தின்னும் குஞ்சு அது, தண்ணீர் மூச்சுக்குழாயில் போனால் நிமிடத்தில் செத்துவிடும்.

இத்தனை செய்தும் கூடு அழியலாம், அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். நான் தொடர்ந்து பார்த்த தையல்சிட்டுக் கூடுகளில் பாதிகூடக் கடைசி வரை வந்ததில்லை. சாம்பல் நிற வயிறு கொண்ட ஒரு சின்னக் குயில் இனம் இதன் கூட்டில் முட்டையிட்டுவிடுவதும் உண்டு. அப்படி நடந்தால், தன்னைவிடப் பெரிய ஒரு குஞ்சுக்கு இந்தச் சின்னஞ்சிறு சிட்டு ஊட்டுவதைப் பார்ப்பீர்கள். அதில் நீங்கள் தலையிட வேண்டாம். கூடு போனாலும் அவை சில நாளிலேயே வேறு இலை தேடும், ஒரே பருவத்தில் மறுபடியும் மறுபடியும் கட்டிப் பார்க்கும். முட்டையை எடுத்து பல்பு வெளிச்சத்தில் பொரிக்க வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். பொரித்தாலும் அந்தக் குஞ்சுக்கு விடிந்ததிலிருந்து இருட்டும் வரை பூச்சி பிடித்து ஊட்ட நம்மால் ஆகாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதே வேட்டையாடியதற்குச் சமம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

குஞ்சுகள் போன பிறகு ஒரு வாரம் பொறுங்கள். பழைய கூட்டுக்கு அவை பொதுவாகத் திரும்புவதில்லை. அப்புறம் அந்த இலையைக் காம்போடு வெட்டி எடுத்துக்கொண்டு, செடியைக் கவாத்து செய்து, மாவுப்பூச்சியையும் கவனித்துக்கொள்ளலாம். வெட்டிய இலையை மகள் கையில் கொடுங்கள். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும், ஒவ்வொரு துளையிலும் பஞ்சு எந்தப் பக்கம் விரிந்திருக்கிறது என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள்.